பழைய டீசல் கெப்பின் சைலன்சர்: ஒட்டுவதா, பழையதை வாங்குவதா, புதிதாகக் கட்டுவதா?

எங்கள் கெப், பின்னால் சரக்குத் தட்டுள்ள டொயோட்டா ஹைலக்ஸ். அதில் இருப்பது 3எல் என்ற டீசல் எஞ்சின். 2,779 சிசி, டர்போ (புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாதது. ஒரே வருடத்தில் அதன் சைலன்சர் குழாயை மூன்று தடவை வெல்டிங் செய்தோம். கொழும்பின் கடலோர வெள்ளவத்தையில் நிற்கும் வண்டி என்பதால் எல்லோரும் கடல்காற்றைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் குழாய் உள்ளிருந்தும் அரிக்கிறது. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து, குளிர்ந்த இரும்பில் படியும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. காலி வீதியில் இரண்டு கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் அந்த ஈரம் காய்வதே இல்லை.

அதனால் ஒட்டு வேலை, குழாயின் மற்றப் பகுதி தடிப்பாக இருக்கும்போது மட்டுமே பயன் தரும். ஸ்குரூ டிரைவரால் அழுத்தினால் உள்ளே போகும் தகட்டில் ஒட்டினால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும். எங்களுக்கு மூன்று தடவையும் அதுதான் நடந்தது.

கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் பழைய ஜப்பான் சைலன்சர் அளவில் கச்சிதமாகப் பொருந்தும். வளைவு, பிளேஞ்ச் (குழாய்களைப் பூட்டும் தகடு), தொங்கும் கொக்கி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வாங்குமுன் குலுக்கிப் பாருங்கள்; உள்ளே சலசலத்தால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. மேலே புதிதாகப் பூசிய கறுப்புப் பெயின்டை நம்ப வேண்டாம். நல்லது அகப்பட்டால் ஒட்டு வேலையைவிட எவ்வளவோ மேல்.

நான் கடைசியில் புதிதாகக் கட்டுவித்தேன். சாதாரண இரும்புக் குழாய் மலிவு, ஆனால் கடலோரத்தில் நீடிக்காது. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதிலும் இரண்டு வகை உண்டு. 409 ரகத்தில் குரோமியம் ஏறத்தாழ 11 சதவீதம். காந்தம் ஒட்டும், மேலே துருவும் படியும். 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். நேரான பகுதியில் காந்தம் ஒட்டாது. வளைத்த இடத்தில் இலேசாக இழுக்கலாம். நான் எடுத்தது 304. ஜீஐ (நாகம் பூசிய இரும்பு) குழாயை மட்டும் அனுமதிக்காதீர்கள். அதன் நாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் புகையாகி, வேலை செய்பவருக்குக் காய்ச்சலை வரவழைக்கும். எஞ்சின் ஆடும்போது குழாயில் வெடிப்பு விழாமலிருக்க முன்பகுதியில் பிளெக்சிபிள் துண்டு ஒன்றும் அவசியம். வெல்டிங் தொடங்குமுன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

சைலன்சரையே எடுத்துவிட்டு அகலக் குழாய் போட்டால் இழுவை கூடும் என்று பலர் ஆசை காட்டுவார்கள். டர்போ எஞ்சினில் அதற்குக் காரணம் உண்டு. டர்போவில் புகை சுழற்றும் சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்தால் அது விரைவாகச் சுழலும். டர்போ இல்லாத 3எல்லில் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். இலங்கையில் 2008 முதல் நடைமுறையிலுள்ள வாகனப் புகைப் பரிசோதனைக்கும் அது உதவாது. அங்கே டீசல் வண்டிகளில் அளப்பது புகையின் அடர்த்தியை. கறுப்புப் புகைக்கு மருந்து, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரிலும் ஏர் பில்டரிலும் இருக்கிறது.

செலவைக் குறைக்கக் குழாயைச் சரக்குத் தட்டுக்கு அடியிலேயே வெட்டி விடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். புகை அங்கேயே தேங்கிப் பின் கண்ணாடி வழியாக உள்ளே வரும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. எங்கள் வண்டியின் பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். குழாயின் வாய் தட்டைத் தாண்டி வெளியே நீள வேண்டும்.

வேலை முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத்துணியால் குழாயின் வாயை ஒரு நொடி அடைக்கச் சொல்லுங்கள். எந்த இணைப்பிலாவது சீறல் கேட்டால், அங்கேயே நின்று திருத்தி வாங்குங்கள்.