ஹாம்லெட்டின் திருப்புமுனை எது? மூன்று காட்சிகள், ஓர் ஒப்பீடு

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ எந்த இடத்தில் திரும்புகிறது என்ற கேள்விக்கு, மூன்றாம் அங்கத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று காட்சிகள் போட்டியிடுகின்றன: அரசவையில் நடிக்கப்படும் நாடகத்துக்குள் நாடகம், மன்னன் கிளாடியஸின் பிரார்த்தனை, ஹாம்லெட்டின் தாயான அரசி கெர்ட்ரூடின் தனியறையில் நிகழும் அரசவை ஆலோசகன் பொலோனியஸின் கொலை.

முதலாவதே பலரும் எளிதில் சுட்டுவது. தன் காதில் நஞ்சூற்றிக் கொன்றவன் தம்பி கிளாடியஸே என்று தந்தையின் ஆவி சொன்னதைச் சோதிக்க விரும்பும் இளவரசன் ஹாம்லெட், பழைய நாடகமொன்றில் தன் வரிகளைச் சேர்த்து நடிக்கவைக்கிறான். அந்நாடகத்து அரசனின் காதில் நஞ்சு ஊற்றப்பட்டதும் மன்னன் எழுந்து, விளக்குக் கேட்டு வெளியேறுகிறான். மேடையில் இது மிக விறுவிறுப்பான கட்டம்தான். ஆனால் தன் மனச்சாட்சி சாட்டையடி படுவதை முந்தைய காட்சியிலேயே கிளாடியஸ் தனக்குள் சொல்லிவிடுவதால், பார்வையாளருக்கு இங்கே புதிய உண்மை எதுவும் கிடைப்பதில்லை. மேலும், நஞ்சூற்றுபவன் அரசனின் தம்பியாக அன்றி மகன்முறை உறவினனாகக் காட்டப்படுவதால், அவையோர் அதை ஹாம்லெட் தன் சிற்றப்பனுக்கு விடுக்கும் மிரட்டலாகவும் கொள்ளலாம்.

பிரார்த்தனைக் காட்சியின் வலு வேறு வகையானது. மன்னன் தனியே மண்டியிட்டிருக்கிறான். பின்னால் உருவிய வாளுடன் ஹாம்லெட் நிற்கிறான். பாவங்களுக்கு மன்னிப்புக் கேட்க வாய்ப்பின்றி இறந்த தந்தைக்கு ஈடாக, மன்றாடும் நிலையில் இருப்பவனைக் கொன்று விண்ணுலகுக்கு அனுப்புவதா என்று எண்ணி வாளை உறையிலிடுகிறான். உடலை மட்டுமன்றி ஆன்மாவையும் அழிக்கத் துடிக்கும் இப்பேச்சு, வாசிக்கவும் உரைக்கவும் கூடாத அளவு கொடியது என்று ஆங்கில விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இல் எழுதினார். ஹாம்லெட் சென்ற பிறகு, தன் சொற்கள் மேலே பறந்தாலும் எண்ணங்கள் கீழேயே கிடக்கின்றன என்று கிளாடியஸ் ஒப்புக்கொள்வது, நாடகம் முழுவதிலும் என்னை மிகவும் உலுக்கும் இடம். கொல்லாமல் விட்டதற்கான காரணமே பொய்யாகிவிடுகிறது.

இருப்பினும் என் தேர்வு மூன்றாவது காட்சியே. முந்தைய காட்சியில் ஹாம்லெட் எடுத்த முடிவு மாற்றக்கூடியது. சற்று நேரத்திலேயே, மறைந்திருப்பவன் மன்னனாக இருக்கலாம் என்று கருதித் திரைச்சீலையின் வழியே வாளைச் செலுத்தும்போது அதை அவன் மாற்றியும் விடுகிறான். (மண்டியிட்டிருந்த மன்னன் தனக்கு முன்னே எப்படி அங்கு வந்திருப்பான் என்று யோசிக்காத அளவுக்கு அவன் கொதித்திருக்கிறான்.) மாற்றவே முடியாதது பொலோனியஸின் மரணம். அவன் மகள் ஒஃபீலியாவின் சித்தம் கலங்குவதும், பிரான்சிலிருந்து மகன் லெயர்டிஸ் திரும்புவதும் அதன் விளைவுகள். ஹாம்லெட்டை இங்கிலாந்துக்கு அனுப்பும் எண்ணம் மன்னனுக்கு முன்பே இருந்தது. அங்கே அவனைக் கொல்லச் சொல்லும் ஆணையோ இக்கொலைக்குப் பிறகே நமக்குத் தெரியவருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தந்தையின் கொலைக்குப் பழிவாங்க வந்தவன் இன்னொரு மகனின் தந்தையைக் கொன்றவனாகிறான்.

இதனால் பிரார்த்தனைக் காட்சியின் பெருமை குறைவதில்லை. அதன் முழுப்பொருளும் இக்கொலையின் வழியாகத்தான் திறக்கிறது. நான்காம் அங்கத்தில், தந்தைக்காக என்ன செய்யத் துணிவாய் என்று கிளாடியஸ் கேட்க, தேவாலயத்திலேயே ஹாம்லெட்டின் கழுத்தை அறுப்பேன் என்கிறான் லெயர்டிஸ். கொலைகாரனுக்கு எந்த இடமும் புகலிடம் ஆகக்கூடாது என்று ஆமோதிப்பவன், மண்டியிட்டிருந்ததால் உயிர்பிழைத்த அதே கிளாடியஸ்.