கடலூரில் பாட்டெழுதும் வகுப்பு: போகலாமா?
மனசு நொந்தவர்களுக்குத் தெம்பு தரும் பாட்டு எழுதக் கற்றுத்தருகிறோம் என்றார்கள், ஒரு நாள் வகுப்பு, 500 ரூபாய், சரி போய்ப் பார்ப்போம் என்று போனேன். 'கவலைப்படாதே, விடியும்' என்று நான் எழுதிய பல்லவியை வாத்தியார் ஒரே கோடாக அடித்துவிட்டு, 2011 டிசம்பர் 30 அன்று இங்கே அடித்த 'தானே' புயலில் விழுந்த மரத்தை எழுதுங்கள் என்றார். பக்கத்தில் இருந்த பண்ருட்டி அக்கா, ஒப்பாரி மெட்டிலேயே 'வேரோட சாஞ்ச பலா, பக்கத்துல கன்னு நிக்குதடி' என்று மெல்ல இழுக்க, அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த ஒரு வரிக்கே காசு சரியாகிவிட்டது.

மெட்டுக்குள் சொல்லை உட்காரவைப்பதைத்தான் கடைசி அரை மணியில் அவசரமாக முடித்துவிட்டார்கள், என் சரணம் இன்னும் தாளத்தில் நிற்கவில்லை. ஆர்மோனியத்தில் வேறு ஒரு கட்டை அமுங்கியே கிடந்தது. சாம்பார் சாதம் பரவாயில்லை. அடுத்த முறை அம்மாவையும் கூட்டிப் போகிறேன், அவருக்குத் தாலாட்டு ஏகப்பட்டது தெரியும்.