ஏர் ரைஃபிள் பேரல் "தேஞ்சு போச்சு" என்று யாராவது சொன்னால், ரைஃபிளைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிள்ளைகளை 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு அனுப்பும் அப்பா அம்மாக்களுக்காக எழுதுகிறேன். போட்டி நடக்கும் ரேஞ்சுகளில் ஓரமாக ஒரு மேஜை போட்டு, "சர்வீஸ்" என்று ரைஃபிளை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவரிடம் என் மகளின் ரைஃபிள் சிக்கியது. புகார் நடப்பில் இருப்பதால் பெயர், ஊர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் காட்டிய வித்தையைத் தாராளமாகச் சொல்லலாம். விசாரித்த வரையில், அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை.

முதலில் கோளாறு என்ன என்று சொல்லிவிடுகிறேன். 60 ஷாட்டில் 618, 620 என்று அடித்துக்கொண்டிருந்தவளுக்கு ஸ்கோர் சரிய ஆரம்பித்தது. அதிகபட்சம் எடுக்கக்கூடியது 654. சிதறல் இடவலமாக இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. இந்த விளையாட்டில் பத்தின் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் (ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) நடுப்பகுதி இலக்கின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. விலகினால் 10.0, அதற்கு மேல் போனால் ஒன்பதுக்குள் இறங்கிவிடும். கால் மில்லிமீட்டருக்கு ஒரு தசமப் புள்ளி. அதனால் பிள்ளையின் கை தடுமாறுகிறதா, ரைஃபிள் தடுமாறுகிறதா என்பது வீட்டில் பெரிய பஞ்சாயத்தாகிவிடும்.

மேஜைக்காரர் ரைஃபிளை வாங்கி, காற்றடைத்த சிலிண்டரைக் கழற்றி, பேரலின் (குழலின்) பின்பக்கம் ஒரு பெல்லட்டை வைத்து, மெல்லிய கம்பியால் தள்ளினார். பிறகு கம்பியை என் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே தள்ளிப் பாருங்க மேடம்."

தள்ளினேன். முக்கால்வாசி தூரம் ஒரே சீராக, லேசான பிடிப்போடு போனது. வாய்ப்பக்கம் நெருங்கியதும் சட்டென்று இறுகியது. கொஞ்சம் அழுத்தித்தான் வெளியே தள்ள வேண்டியிருந்தது.

"பாத்தீங்களா? அங்கதான் பிடிக்குது. உள்ள தேஞ்சு மேடு பள்ளமாயிடுச்சு. பெல்லட் எப்படி நேரா போகும்?"

அடுத்து போனில் ஒரு படம் காட்டினார். பேரலின் உட்புறமாம். பாளம் பாளமாக வெடித்த ஏரி மண் மாதிரி மேற்பரப்பு, அதன் மேல் செந்நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ படிந்திருந்தது. புது பேரல் வாங்கினால் லட்சத்துக்கு மேல், லேப்பிங் (உட்புறத்தை பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது) போட்டுச் சரிசெய்தால் 22,000 ரூபாய் என்றார். கையால் உணர்ந்ததையும் கண்ணால் பார்த்ததையும் வைத்து யாரும் சம்மதிக்கத்தான் செய்வார்கள். அந்த ஏற்பாடே அதற்குத்தான்.

ரைஃபிள் பளபளவென்று எண்ணெய் பூசித் திரும்பி வந்தது. பில்லில் "பேரல் சர்வீஸ்" என்ற ஒற்றை வரி. சுட்டுப் பார்த்த டெஸ்ட் கார்டு கேட்டதற்கு, "வைஸ்ல மாட்டி அடிச்சுப் பாத்தாச்சு, ஒரே ஓட்டை" என்றார். வைஸ் என்றால் ரைஃபிளை ஆடாமல் பிடிக்கும் இடுக்கி. அந்த ஓட்டை இருக்கும் கார்டு மட்டும் வரவில்லை. மகள் சுட்டதும் மேலும் கீழும் போனதோடு இப்போது நாலா பக்கமும் சிதறியது.

எங்கள் ரேஞ்சில் ஒரு பெரியவர் இருக்கிறார். .22 புரோன் (படுத்துச் சுடும் போட்டி) சுட்டவர், வெடிமருந்துத் துப்பாக்கிகளோடு பல வருடம் புழங்கியவர். அந்தப் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்தச் சிவப்பு என்ன தெரியுமாம்மா? செம்பு. செம்புக் கவசம் போட்ட புல்லட் போனா இப்படி ஒட்டும். உங்க பொண்ணு சுடறது ஈயம். ஈயக் குண்டு போற குழல்ல செம்பு எங்கிருந்து வரும்?"

அந்த வெடிப்புகளும் அப்படித்தான். வெடிமருந்து எரியும் சூட்டில் பெரிய ரைஃபிள்களின் பேரல் தொடங்கும் இடம் அரித்து, மேற்பரப்பு வெடிக்கும். ஏர் ரைஃபிளில் நெருப்பு ஏது? அழுத்தக் காற்று, மெத்தென்ற ஈயம், நொடிக்கு 170 மீட்டர் போல வேகம். முறையாகப் பார்த்துக்கொண்டால் பிள்ளை காலேஜ் முடித்த பிறகும் அந்தப் பேரல் இருக்கும். அதைக் கெடுப்பவை மூன்று: துரு, உறையில்லாத இரும்புக் கம்பியை விட்டுச் சுத்தம் செய்வது, வாய்ப்பக்கம் அடிபடுவது. எனவே "சுட்டுச் சுட்டுத் தேஞ்சு போச்சு" என்ற வாக்கியத்தை மேட்ச் (போட்டிக்கான) ஏர் ரைஃபிளைப் பார்த்து ஒருவர் சொன்னால், அங்கேயே ரைஃபிளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம்.

எனக்கு வயிறு எரிந்தது அடுத்து பெரியவர் சொன்னதைக் கேட்டுத்தான். வாய்ப்பக்கம் பெல்லட் இறுகியது கோளாறே இல்லை. நல்ல ஏர் ரைஃபிள் பேரல் பலவற்றில் கடைசிப் பகுதியை வேண்டுமென்றே ஒரு நூலளவு குறுக்கிச் செய்கிறார்கள். சோக் என்பார்கள். பெல்லட் ஒவ்வொன்றும் மயிரிழை முன்பின் இருக்கும். வெளியேறும் முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பிடித்து அனுப்புவது அந்த இறுக்கம்தான். பேரல் நடுவில் ஓரிடத்தில் இறுகி, பிறகு தளர்ந்தால் அது குறை. பின்னாலிருந்து சீராக வந்து, முடிவில் மட்டும் இறுகினால் அது தரம். மேஜைக்காரர் அந்தத் தரத்தை என் கையாலேயே தொட வைத்து, குறை என்று சொல்லி, பேஸ்ட் போட்டுத் தேய்த்து அழித்திருக்கிறார். அதற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்.

தேய்த்தது மட்டுமா என்று பார்த்தோம். என் தம்பிக்கு சிட்கோ பக்கம் லேத் பட்டறை. ஆழம் அளக்கும் டெப்த் வெர்னியரோடு வந்தான். மேட்ச் ரைஃபிள்களில் வெளியே தெரியும் குழாய் வெறும் உறை. உண்மையான பேரல் அதற்குள்ளேயே முடிந்துவிடும். சைட் மாட்டும் முனையைப் பார்த்து "பேரல் அப்படியே இருக்கே" என்று நாம் நினைப்பது அந்த உறையைத்தான். கிளப்பில் இருக்கும் அதே மாடல் ரைஃபிளில் உறையின் விளிம்பிலிருந்து பேரல் வாய் வரை அளந்தான், பிறகு எங்களுடையதில். 9 மி.மீ. வித்தியாசம். வாயை அறுத்து, புதிதாக முகம் பிடித்திருக்கிறார்கள். உறைக்குள் இருப்பதால் எந்தப் பெற்றோரும் வாழ்நாளில் பார்க்கப்போவதில்லை.

உறையைக் கழற்றியதும், காது குடையும் பஞ்சுக்குச்சியை பேரல் வாய்க்குள் விட்டு மெதுவாக வெளியே இழுக்கச் சொன்னார் பெரியவர். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு பக்கம், கடிகார முள் நாலு மணி காட்டும் இடத்தில், பஞ்சு இழை இழையாகச் சிக்கி நின்றது. பிசிறு. பெல்லட் வாயைத் தாண்டும் கணத்தில் பின்னாலிருக்கும் காற்று சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் பிசிறு இருந்தால் அங்கே காற்று வேறு மாதிரி பீறிட்டு பெல்லட்டின் பின்புறத்தை ஒரு தட்டுத் தட்டிவிடும். புது பெல்லட் ஒன்றைத் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் இறுக்கம் என்ற பேச்சே இல்லை, வழுக்கி விழுந்தது. அதன் தலையிலும் பின்புற விளிம்பிலும் பதிய வேண்டிய பேரலின் பள்ளக் கோடுகள் பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்ப் போல மங்கலாக இருந்தன.

பெட்டியில் தொழிற்சாலை கொடுத்த டெஸ்ட் கார்டு இருந்தது. ஐந்து ஷாட், பார்த்தால் ஒரே ஓட்டை. எங்கள் ரேஞ்ச் வைஸில் அதே பிராண்டு பெல்லட்டை வைத்துச் சுட்டதில் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு 11 மி.மீ. வந்தது. இரண்டு கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, ஆரம்பத்தில் இருந்த மேல் கீழ் சிதறல்? அதற்குக் காரணம், ஷாட்டுக்கு ஷாட் காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரின் சீல். வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்த்தால் ஷாட்டுக்கு ஷாட் நொடிக்குப் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கியது. 10 மீட்டர் தூரத்தில் அந்த ஏற்ற இறக்கமே இலக்கில் 2 மி.மீ. உயர வித்தியாசம் கொடுத்துவிடும். சீல் செட்டின் விலை லேப்பிங் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. மேஜைக்காரர் ரெகுலேட்டரைத் திறந்ததற்கான அடையாளமே இல்லை.

போன் செய்தேன்.

"மேடம், உங்களுக்கு டெக்னிக்கலா புரியாது. பொண்ணுக்கு டெக்னிக் சரியில்ல, கோச்ச மாத்துங்க."

வைஸில் மாட்டிச் சுட்டதற்கும் கோச்சுக்கும் என்ன சம்பந்தம் என்றதும் லைன் கட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு நம்பர் பிளாக்.

ரைஃபிளை யாரிடமாவது கொடுக்கும் நிலை வந்தால், பேரலைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். ஸ்டாக் போல்ட் தளர்ந்திருக்கிறதா, முன் சைட் ஆடுகிறதா, பெல்லட் லாட் மாறியதா, வேகம் சீராக இருக்கிறதா என்று பார்த்து, பிறகுதான் பேரலுக்கு வர வேண்டும். 4.49, 4.50 மி.மீ. என்று பெல்லட்டின் தலை அளவு மாறினாலே சில பேரல்களில் குரூப் (ஷாட்டுகள் விழும் பரப்பு) விரியும். கொடுக்கும் முன் வைஸில் ஐந்து ஷாட் சுட்டு, தேதி போட்டு, வாங்குபவரின் கையெழுத்தோடு கார்டை வைத்துக்கொள்ளுங்கள். பேரல் வாயின் ஆழத்தை அளந்து அதே தாளில் எழுதுங்கள். சிலிண்டர் நம்பரையும் அதில் உள்ள தேதியையும் போட்டோ எடுங்கள். சர்வதேச விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 வருடம்தான் ஆயுள். பழசை மாட்டிக் கொடுத்துவிட்டால் போட்டிச் சோதனையில் பிள்ளைதான் நிற்க வேண்டும். போனில் படம் காட்டினால், "இதே கேமராவை இப்போதே என் பேரலில் விடுங்கள்" என்று கேளுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 5.5 மி.மீ. கேமரா 4.5 மி.மீ. துளைக்குள் நுழையவே நுழையாது.

உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வெடிமருந்துத் துப்பாக்கியை ரிப்பேர் செய்ய 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் வேண்டும். நம் பிள்ளைகளின் ரைஃபிள் 4.5 மி.மீ., ஏழெட்டு ஜூல். 20 ஜூலுக்குள் இருப்பதால் வைத்திருக்கவே லைசென்ஸ் தேவையில்லை. அதனால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் எல்லாம் கன்ஸ்மித் (துப்பாக்கி மெக்கானிக்) என்று கார்டு அடித்துக்கொள்கிறார்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தயங்காதீர்கள். 2019 சட்டப்படி அவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் பிறகு நிரூபிக்க அலைய வேண்டும். யுபிஐயில் அனுப்புங்கள், குறிப்பில் என்ன வேலைக்கு என்று எழுதுங்கள். எங்கள் பில்லில் இருந்த "பேரல் சர்வீஸ்" என்ற அந்த ஒற்றை வரியும் வாட்ஸப்பில் அவர் அனுப்பிய செம்புப் படமும்தான் இப்போது எங்கள் பக்கத்துச் சாட்சி.

செகண்ட் ஹேண்ட் ரைஃபிள் தேடுபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அந்த மேஜைக்காரரிடம் இப்படி அறுபட்ட ரைஃபிள்கள் வேறு சில உண்டு என்று மற்ற பெற்றோர் சொல்கிறார்கள். அவை "ஃபுல் சர்வீஸ் பண்ணினது" என்ற பெயரில் விலைக்கு வரும். அதே மாடல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து உறைக்குள் ஆழம் அளக்காமல், பெல்லட் ஒன்றைத் தள்ளி முடிவில் இறுகுகிறதா என்று பார்க்காமல், அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.