கால் புண்ணுக்குக் கடல்பாசி ஜெல் வாங்காதீர்கள்: எங்கள் 1,380 வெள்ளி போச்சு

1,380 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அம்மாவின் கால் புண்ணைக் காட்டி எங்களிடம் கறந்த தொகை. கடையின் பெயரைப் போடவில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரம் செய்து, பினாங்கில் ஒரு மாடிக்கடையில் ஆரோக்கியப் பொருள் விற்கும் கூட்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண். கடைக்குள் போனதும் அந்த ஆள் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தான். அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்துப் பார்த்தான். முகம் சுளிக்கவில்லை. "பெத்த பிள்ளை மாதிரி பார்க்குதே இந்தத் தம்பி" என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். சாம்பல் நிறத் திரைக்கு நடுவே ஒரு கீறல். இரண்டு ஓரத்திலிருந்தும் செல்கள் ஊர்ந்து வந்து அதை மூடிவிட்டன. "அக்கா, இது கடல்பாசியில எடுத்த ஃபூக்கோய்டன். சல்ஃபேட் உள்ள சர்க்கரைச் சங்கிலி. தோல் செல்லை இழுத்துக்கிட்டு வரும். ஆண்டி கால்லயும் இதேதான் நடக்கும்." மூன்று டப்பா சேர்ந்தால் ஒரு கோர்ஸ், 1,380 வெள்ளி. அங்கேயே நின்று ஆன்லைனில் அனுப்பினேன்.

புண் மூடவில்லை. ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போய், வாடை அடிக்க ஆரம்பித்தது. செய்தி அனுப்பினால், "விஷம் வெளியாகுது அக்கா, நல்ல அறிகுறி." மறுபடி கேட்டால், "முட்டை, கருவாடு ஏதாச்சும் கொடுத்தீங்களா?" பழி அம்மாவின் சாப்பாட்டு மேல்! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அட்மின் என்று வேறொரு பெண் வந்தார். திறந்த டப்பாவுக்குப் பணம் கிடையாதாம், இரண்டாவது கோர்ஸ் எடுத்தால் விலைக் கழிவு உண்டாம். அப்புறம் நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசியில் பிளாக்.

அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கட்டும் மிஸ்ஸிதான் (தாதி) டப்பாவைத் திருப்பி, அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். தண்ணீர், கராஜீனன், வாசனை, நிறம். ஃபூக்கோய்டன் என்ற பெயரே அதில் இல்லை. கராஜீனன் சிவப்புப் பாசியில் எடுப்பது. நம் சபா மாநிலத்தில் செம்பொர்ணா பக்கம் அந்தப் பாசியை வளர்க்கிறார்கள். ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக இருக்கச் சேர்ப்பது இதைத்தான். இதுவும் சல்ஃபேட் உள்ள சர்க்கரைச் சங்கிலி என்பதால், நாங்கள் பொய் சொல்லவில்லையே என்று சாதிப்பார்கள். இதே கராஜீனனை எலியின் பாதத்தில் ஊசியால் ஏற்றி, வீங்க வைத்து, வீக்கத்துக்கான மருந்துகளைச் சோதிக்கும் முறை 1962-லிருந்து ஆய்வகங்களில் இருக்கிறது. எல்லாச் சல்ஃபேட் சர்க்கரையும் ஒரே வேலையைச் செய்யாது.

ஃபூக்கோய்டன் ஆராய்ச்சி நிஜம்தான். பழுப்புப் பாசியிலிருந்து 1913-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். சல்ஃபேட்டில் உள்ள எதிர்மின்னூட்டம், செல்களை வளரவும் நகரவும் தூண்டும் புரதங்களைப் பிடித்து வைக்கும். நம் தோலுக்குள்ளேயே ஹெப்பரான் சல்ஃபேட் என்ற இதே மாதிரிச் சர்க்கரைச் சங்கிலி அதைச் செய்கிறது. ஆனால் எந்தப் பாசி, எவ்வளவு சல்ஃபேட், சங்கிலி எவ்வளவு நீளம், எந்த அளவில் போடுகிறோம் என்பதைப் பொறுத்துச் செல்கள் நகரவும் செய்யும், நின்றுவிடவும் செய்யும். அந்த வீடியோ, தட்டில் வளர்த்த செல் படலத்தில் ஒரு குழாய் நுனியால் கோடு கிழித்து எடுப்பது. தட்டில் கிருமி கிடையாது. அடைபட்ட ரத்தக் குழாய், மரத்துப்போன நரம்பு, மேலே அழுத்தும் உடம்பு எதுவும் கிடையாது. அம்மாவின் காலில் அத்தனையும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டே 1,380 வெள்ளி வாங்கினானே, எனக்கு அதுதான் ஆறவில்லை.

இப்போது செத்த சதையைச் சுரண்டி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, கிளினிக்கில் கட்டுப் போடுகிறார்கள்.

டப்பாவில் என்ஓடி (NOT) என்று தொடங்கி கே (K) என்று முடியும் எண் இருந்தால் அது அழகுப் பொருள். புண்ணை ஆற்றும் என்று சொல்லி அதை விற்கக் கூடாது. எங்கள் டப்பாவில் இருந்தது அந்த எண்தான். வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். விவரம் தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேளுங்கள், நானும் அங்கேதான் போகப் போகிறேன். இதே மாதிரி டப்பா வாங்கியவர்கள் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.