ஓசியாகக் கிடைத்த பையும் இரண்டு கிரெடிட் கார்டுகளும்

கல்லூரியில் படித்த காலத்தில் இரண்டு கிரெடிட் கார்டுகள் வாங்கினேன். முதலாவது, கல்லூரி வாசலில் குடை நட்டு மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் வாங்கியது. இன்னொன்று, அதில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு வேறொரு வங்கியில் டெபாசிட் போட்டு, அந்த டெபாசிட்டின் பேரில் வாங்கியது. வங்கிகளின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டாலும் கதை கிட்டத்தட்ட இதேதான், அதனால் இதை அந்த இரண்டு வகைக் கார்டுகளுக்கான விமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கார்டை வாங்க எனக்கு இருந்த ஒரே காரணம் தோளில் மாட்டும் ஒரு பை. விண்ணப்பம் போட்டால் பை இலவசம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் "தம்பி, ஒரே ஒரு கையெழுத்துதான், மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றார், சொன்ன மாதிரியே பார்த்தும் கொண்டார். வருமானம் என்ற கட்டம் வந்தபோது நான் முழித்தேன், ஏனென்றால் எனக்கு அப்போது வாரக் கடைசியில் கிடைக்கும் பகுதி நேர வேலைக் காசைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அவர் அதைக் கேட்கவே இல்லை, தானாக ஒரு எண்ணை எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார். எண் அவர் எழுதியது, கீழே உள்ள கையெழுத்து என்னுடையது. நாளைக்குப் பிரச்சினை என்று வந்தால் பொய் சொன்னது யார் என்பதற்கு அந்தத் தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கும். இது எனக்கு உறைக்க ஒரு வருஷம் ஆனது.

கேட்காதவன் கையிலும் கார்டைத் திணிப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1958 இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, அமெரிக்காவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 பேருக்கு அவர்கள் கேட்காமலேயே கார்டுகளைத் தபாலில் அனுப்பிவைத்தது, அப்படித்தான் பிற்பாடு விசா என்று ஆன கார்டு பிறந்தது. மாணவர்களை பை, சட்டை கொடுத்து வளைக்கும் வேலையும் அங்கே அளவு கடந்து போய், 2009 சட்டத்தில் கல்லூரி வளாகத்திலும் அதன் பக்கத்திலும் விண்ணப்பத்துக்குப் பரிசுப் பொருள் கொடுக்கக் கூடாது என்றே எழுதவேண்டி வந்தது. 21 வயது ஆகாதவருக்குச் சொந்த வருமானமோ, கடனுக்குக் கூடவே பொறுப்பேற்கும் ஒரு பெரியவரின் கையெழுத்தோ இருந்தால்தான் கார்டு என்பதும் அதே சட்டம். அந்தப் பையில் என்ன ஆபத்து என்று நினைத்தவன் நான். சட்டம் போட்டுத் தடுக்கிற அளவுக்கு இருந்திருக்கிறது.

சரி, கார்டு எப்படி? தேய்த்தால் வேலை செய்தது. அதில் குறையே இல்லை. குறை ஆப்பில் இருந்தது.

பில் வந்ததும் ஆப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது பச்சை நிறத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு பொத்தான், அதில் மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டியே ஆகவேண்டிய ஒரு சின்னத் தொகை. மொத்தத் தொகை அதற்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், பொத்தான் மாதிரியே தெரியாமல், வெறும் எழுத்தாகக் கிடக்கும். முதல் மூன்று மாதம் நான் அந்தப் பச்சையைத்தான் தட்டினேன். "பேமென்ட் வெற்றி" என்று டிக் வந்தது, மேலே காகிதத் துண்டுகள் பறக்கிற மாதிரி ஒரு அனிமேஷன் வேறு. கடன் கட்டி முடித்துவிட்டோம் என்று நினைத்துத் தூங்கியிருக்கிறேன்.

அந்தப் பச்சைப் பொத்தானின் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், அதை இங்கேயும் போடுகிறேன். கடன் 100 என்று வையுங்கள். வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம், இனிமேல் புதிதாக எதுவும் வாங்கவில்லை. மாதம் தவறாமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டே வந்தால் அந்த 100 என்பது 50 ஆகக் குறைய 32 மாதம் ஆகிறது. அதற்குள் கையை விட்டுப் போன பணம் கிட்டத்தட்ட 120. வாங்கியது 100, கட்டியது 120, இன்னும் பாக்கி 50. மூன்று வருஷப் படிப்பில் சேர்ந்தவன் முதல் மாதத்தில் ஒரு ஹெட்போன் வாங்கி இப்படிக் கட்ட ஆரம்பித்தால், பட்டம் வாங்கும்போது ஹெட்போன் உடைந்து போயிருக்கும், பாதிக் கடன் நின்றுகொண்டிருக்கும். மாதம் 3 என்றால் வருஷத்துக்கு 36 தானே என்று நினைப்பவர்களுக்கு: வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 42 சதவீதத்தைத் தாண்டும். விளம்பரத்தில் மாத வட்டியைப் பெரிதாகப் போடுவது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

இதைவிட என்னைக் கோபப்படுத்தியது இன்னொன்று. நாலாவது மாதம் புத்தி வந்து, முந்தைய பாக்கியை எல்லாம் தீர்த்துவிட்டு நேராக இருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பில்லில் 90 சதவீதம் கட்டிவிட்டு, மீதி 10 சதவீதத்தை அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் கட்டினேன். அந்தப் பத்து சதவீதத்துக்கு ஒரு வார வட்டி போடுவார்கள், போகட்டும் என்று இருந்தேன். வந்த ஸ்டேட்மென்டை, அதாவது மாதப் பில்லைப் பார்த்தால் வட்டி பத்து மடங்குக்கும் மேல். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு இருபது நிமிஷம் பாட்டு கேட்ட பிறகு ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்: "சார், முழுத்தொகையும் டியூ டேட்டுக்குள்ள வந்தாதான் வட்டியில்லாத நாட்கள். ஒரு பகுதி பாக்கி நின்னாலும் அந்தச் சலுகை மொத்தமா போயிடும்." அதாவது, கட்டிய 90 சதவீதத்துக்கும், பொருளை வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடியிருக்கிறது. போதாக்குறைக்கு, பாக்கி நிற்கும் வரை அடுத்து வாங்குகிற பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. பல கார்டுகளில் விதி இப்படித்தான், ஒப்பந்தத்திலும் இருக்கிறது, ஆனால் பை கொடுத்தவர் ஒப்பந்தத்தைக் கொடுக்கவில்லை.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைச் செருகிப் பணம் எடுப்பதைப் பற்றி ஒரே வரி: எடுக்கும்போதே கட்டணம், எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, சலுகை நாள் ஒன்று கூட கிடையாது. ரிவார்டு பாயின்ட் பற்றி அரை வரி கூட வேண்டாம், ஒரு வருஷம் சேர்த்ததில் அந்தப் பையைப் போல இன்னொரு பைகூட வராது.

நடுவில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்டு பிடிக்கவில்லை என்று ஒரே மாதத்தில் நாலு இடத்தில் வேறு கார்டுக்கு விண்ணப்பித்தேன். நாலும் நிராகரிப்பு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் வங்கி நம் கடன் வரலாற்றை எடுத்துப் பார்க்கும், அந்தப் பார்வையே பதிவாகும், குறுகிய காலத்தில் பல பதிவு இருந்தால் இவன் காசுக்கு அலைகிறான் என்று அடுத்த வங்கி நினைக்கும். வரலாறே ஒரு வருஷம் ஆகாதவனுக்கு இது இன்னும் மோசம். அந்த வரலாற்றுக்குப் போடுகிற மதிப்பெண்ணான நம் ஸ்கோரை நாமே பார்த்தால் குறையாது, அது வேறு கணக்கு. முதலில் அதைப் பார்த்துவிட்டு ஒரே இடத்தில் கேட்டிருக்கவேண்டும். ஹாஸ்டலில் எனக்கு மூத்த ஒரு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "ஆறு மாசம் எங்கேயும் கேக்காதடா, அப்புறம் டெபாசிட் கார்டு வாங்கு" என்றார். அப்படித்தான் இரண்டாவது வந்தது.

இந்த வகையைப் பற்றி மாணவர்களுக்கு யாரும் மேசை போட்டுச் சொல்வதில்லை. நம் பணத்தை வைப்புத்தொகையாகப் போடுகிறோம், அதை வங்கி பிணையாக வைத்துக்கொண்டு, அந்த அளவுக்கோ கொஞ்சம் குறைவாகவோ லிமிட், அதாவது செலவு செய்யும் உச்சவரம்பு, கொடுக்கிறது. வருமானக் கட்டத்தில் பொய் எழுத வேண்டிய தேவையே வரவில்லை, நான் மாணவன், வருமானம் இவ்வளவுதான் என்று உள்ளதை எழுதினேன், கார்டு வந்தது. என் டெபாசிட்டுக்கு வட்டியும் சேர்ந்தது, எல்லா இடத்திலும் அப்படிக் கொடுப்பதில்லை, போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாமல் விட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அது சொந்தக் காசு என்பதால் தேய்க்கும்போது விரல் கொஞ்சம் தயங்குகிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

குறைகளும் உண்டு. லிமிட் ரொம்பச் சின்னது. லேப்டாப் பழுதானபோது ஒரே தடவையில் லிமிட்டில் முக்கால்வாசி போய்விட்டது, அந்த மாதம் ஸ்கோர் சறுக்கியது. லிமிட்டில் எவ்வளவு பங்கு பயன்படுத்துகிறோம் என்பதையும் ஸ்கோரில் பார்ப்பார்கள், 30 சதவீதத்துக்குள் வைத்திரு என்பது எல்லாரும் சொல்லும் கணக்கு. இதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஸ்டேட்மென்ட் போடும் தேதிக்கு இரண்டு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுவது. பல வங்கிகள் ஸ்கோர் நிறுவனத்துக்கு அனுப்புவது ஸ்டேட்மென்ட் நாளன்று இருக்கும் பாக்கியைத்தான், அடுத்த மாதமே ஸ்கோர் ஏறிவிட்டது. ஆப் பழைய காலத்து ஆப், பில் திறக்கவே நேரம் எடுக்கும். கார்டின் நிறம் பற்றி நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். இருக்கட்டும்.

பில் தொகை கணக்கிலிருந்து தானாகப் போகிற ஆட்டோபே போட மறக்காதீர்கள், போடும்போது அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த நல்ல வங்கியிலேயே கூட ஆட்டோபேயில் தானாகத் தேர்வாகி நிற்பது மினிமம் டியூ தான். கீழே தேடி 'முழுத்தொகை' என்று மாற்றிவிட்டு, முதல் மாதம் கணக்கிலிருந்து சரியான தொகை போனதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். தேதியையும் கவனியுங்கள். ஸ்டேட்மென்ட் போட்ட மறுநாள் வாங்கினால் கிட்டத்தட்ட 50 நாள் அவகாசம், முந்தின நாள் வாங்கினால் 20 நாள்தான். பரீட்சைக் கட்டணத்தை இப்படி நாள் பார்த்துக் கட்டி, வட்டி இல்லாமல் இரண்டு சம்பளத்தில் அடைத்தேன். கார்டு என்ற பொருளால் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் அதுதான்.

ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் வாசல் கார்டுக்கு ஒன்றரை, அதில் ஒன்று போனில் விளக்கிய அந்தப் பெண்ணுக்கு. டெபாசிட் கார்டுக்கு நாலு. மாதா மாதம் கொஞ்சமாவது சொந்தமாகச் சம்பாதிக்கும் மாணவர் என்றால் இரண்டாவது வகையை வாங்கலாம். ஒன்றும் வருமானம் இல்லை, வீட்டிலிருந்து வரும் பணம்தான் என்றால் டெபிட் கார்டே போதும்.

முதல் கார்டை போன வருஷம் மூடினேன். முந்தைய மாதத்திலிருந்து நின்றிருந்த பாக்கியையும் சேர்த்து முழுப் பணமும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று ஆப்பில் பார்த்த பிறகுதான் மூடச் சொன்னேன். ஆனாலும் அடுத்த மாதம் ஒரு சின்னத் தொகைக்குப் பில் வந்தது. ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டியாம். அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் தாமதக் கட்டணம் ஏறி, ஸ்கோரிலும் கறை விழுந்திருக்கும். அதையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் கேட்டு வாங்கி, அந்தப் பைக்குள்ளேயே போட்டு வைத்திருக்கிறேன். அதன் ஜிப் முதல் செமஸ்டரிலேயே பிய்ந்துவிட்டது.