டிஃபெண்டர் போதுமா, அவாஸ்ட் வேண்டுமா?

கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவுக்கு மடிக்கணினி வாங்கக் கிளம்புகிறவர்கள் அடிக்கடி கேட்பது, ஆன்டிவைரஸுக்குத் தனியாக ரிங்கிட் கட்ட வேண்டுமா என்பதுதான். விண்டோஸ் 11 ஓடுகிற வீட்டுக் கணினிக்கு வேண்டாம். அதோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே போதும், ஓர் அமைப்பை மட்டும் சரிபார்த்துவிட்டால்.

அந்த அமைப்பு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேரைத் தடுப்பது. அது இயல்பாகவே அணைந்துதான் இருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பக்கத்தின் அடியில் 'மேனேஜ் ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்' இருக்கிறது. உள்ளே போய் 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்செஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். அதன் பிறகு ஏதாவது பழைய மென்பொருள் டாக்குமென்ட்ஸில் சேமிக்க முடியாமல் திணறினால் பாதுகாப்பையே அணைக்காதீர்கள். அந்த ஒரு மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தால் போதும்.

இலவச ஆன்டிவைரஸ்களில் அவாஸ்ட்டா, ஏவிஜியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. 2016இல் ஏவிஜியை அவாஸ்ட் வாங்கிவிட்டது. இன்று நார்ட்டன், அவிரா உட்பட எல்லாமே ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். எந்த பிரவுசரானாலும் மோசடித் தளங்களைத் தடுப்பது இவற்றின் உண்மையான பலம். ஆனால் காசு கட்டச் சொல்லும் அறிவிப்புகள் ஓயாது. பயனர்களின் இணைய நடமாட்டத் தகவலை விற்றதற்காக 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அவாஸ்ட்டை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. இலவசம் என்பதற்காக இதை மறந்துவிட முடியாது. பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பு இவற்றைவிட அமைதியானது. கணக்குத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மால்வேர்பைட்ஸ் வேறு ரகம். சோதனைக் காலம் முடிந்ததும் இலவசப் பதிப்பு காவல் காக்காது, நீங்கள் சொன்னால் மட்டும் தேடும். டிஃபெண்டருக்குத் துணையாக, சந்தேகம் வரும்போது ஒருமுறை ஓட்டிப் பார்க்க அருமையானது.

நேரடிக் காவல் இரண்டு வேண்டவே வேண்டாம். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி நொண்டும். அவாஸ்ட்டைப் போட்டால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அவாஸ்ட்டை நீக்கிய பிறகும் அது திரும்பவில்லையென்றால் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை சேஃப் மோடில், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில், ஓட்டுங்கள்.

பிரிண்டிங் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் கோப்புகள் காணாமல் ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள டிக்கையும் எடுத்தால்தான் பெரும்பாலும் கண்ணில் படும். கணினியிலேயே வைரஸ் ஒளிந்திருக்கும் சந்தேகம் இருந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். மறுதொடக்கம் செய்து சுமார் 15 நிமிடம் எடுக்கும், திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள்.

காசு கட்டாமல் மென்பொருளை இயக்கவைக்கும் திருட்டு ஆக்டிவேட்டரைப் போடுவதற்காக ஆன்டிவைரஸை அணைத்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளாமல் அதையே ஓட்டுகிறவர்கள் ஆன்டிவைரஸைத் தேடுவதற்கு முன் அந்தப் பதிவைக் கவனியுங்கள்.