வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டர் ஸ்டாண்ட் அடிக்கக் கொடுக்கிறீர்களா? என் 38,500 ரூபாய் போன விதத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தியிருக்கிறோம். ஸ்கூட்டரை ஏற்றிக் கட்டிக்கொண்டு போக வேனுக்குப் பின்னால் மாட்டிய இரும்பு ஸ்டாண்ட், வளைந்துபோய் வண்டிக்கு அடியில் கிடக்கிறது. முந்தாநாள்தான் அதற்கு 38,500 ரூபாய் கொடுத்தேன்.

எங்களுடையது டெம்போ டிராவலரைப் பிரித்துக் கட்டிய கேரவன். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் வலி. நினைத்த நேரத்தில் படுக்க வேண்டும், கழிப்பறை கூடவே வர வேண்டும். அதற்காகவே இந்த வண்டி. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஊருக்குள் எங்கேயும் போக முடியாது. தேவிபட்டினத்தில் நவபாஷாணம் பக்கமும் சரி, திருப்புல்லாணி கோயில் தெருவிலும் சரி, திருப்பவே இடமில்லை. அதனால் வண்டியை ஓரிடத்தில் போட்டுவிட்டு, அப்பாவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவது வழக்கம். காய்கறி, தண்ணீர் கேன், மாத்திரை எல்லாமே ஸ்கூட்டரில்தான் வரும். கேரவனில் ஊர் சுற்றுகிறவர்களுக்குத் தெரியும், கூட ஒரு ஸ்கூட்டர் இருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

தேவிபட்டினம் வரை என் மச்சான் அதைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். அவனுக்கு வேலை, பஸ் ஏறிப் போய்விட்டான். கடலோர ரோட்டில் பக்கவாட்டில் அடிக்கிற காற்றில் என் மனைவியை ஓட்டச் சொல்ல மனம் வரவில்லை. வேனுக்குப் பின்னால் ஒரு ஸ்டாண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். அந்த அவசரம்தான் என்னைக் கெடுத்தது.

ராமநாதபுரத்துக்கு வெளியே ரோட்டோரம் ஒரு வெல்டிங் பட்டறை. பெயர் போடவில்லை, விஷயம்தான் முக்கியம். பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். "மூணு மில்லி பாக்ஸ் பைப்புண்ணே. சேசிஸ் ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு இறுக்கித் தர்றேன். உங்க ஸ்கூட்டர் நூறு கிலோ சொச்சம்தானே? இது முன்னூறு கிலோ தாங்கும்" என்றார். பாக்ஸ் பைப் என்றால் சதுர வாய் இரும்புக் குழாய், மூணு மில்லி அதன் தகட்டின் கனம். சேசிஸ் என்பது வண்டியின் அடிச்சட்டம். அப்பாவுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தம் ஆட வேண்டும் என்று அப்பா சொன்னார். உடனே இரண்டு கையையும் கூப்பி, "அய்யா தீர்த்தமாடப் போறீக, உங்ககிட்ட நான் ஏமாத்துவேனா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். 25,000 ரூபாயை போனிலேயே அனுப்பினேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் ஸ்டாண்ட் மேல் ஏறி நின்று இரண்டு தடவை குதித்துக் காட்டினார். மீதி 13,500 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தேன். பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா ஜி.எஸ்.டி. வேற சேரும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்கூட்டரை ஏற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். நாற்பதுக்கு மேல் நான் போகவில்லை. பாம்பன் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் பின்னால் டக்கென்று ஒரு சத்தம். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல், நடுவில் நிறுத்த முடியாது. "ஸ்கூட்டர் கண்ணாடி முன்னைவிடக் கீழே தெரியுதுங்க" என்றாள் மனைவி. பாலம் இறங்கி, தங்கச்சிமடம் வருவதற்குள் ஒரு வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். ஸ்டாண்ட் ஒரு பக்கம் அறுந்து தொங்கியது, ஸ்கூட்டர் ரோட்டில் விழுந்தது. பின்னால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ஆட்டோ. அந்த டிரைவர் பிரேக் பிடித்த பிடியில் பிள்ளைகள் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு குழந்தைக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால்?

மீன் ஏற்றிக்கொண்டு போனவர்கள்தான் வண்டியை நிறுத்தி ஸ்கூட்டரைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதில் ஒருவர் படகுக்கு வெல்டிங் செய்கிறவர். அறுந்த இடத்தைச் சாவியால் சுரண்டினார். கறுப்பு பெயிண்ட் உரிந்து வந்தது, அதற்கடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தது. "இது வெல்டிங்கே இல்லண்ணே, பட்டி. நாலு மூலையில பொட்டு வச்சுட்டு, மிச்சத்தைப் பட்டி போட்டு மூடியிருக்கான்" என்றார். பட்டி என்றால் பெயிண்ட் அடிக்கும் முன் பள்ளத்தை அடைக்கப் பூசுகிற பசை. பைப் உடைந்த ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே கனம்தான். மூன்று மில்லியாம்! அதைவிடக் கொடுமை, போல்ட் எதுவும் சேசிஸில் இல்லை. பம்பரைத் தாங்குகிற தகட்டில் மாட்டியிருக்கிறார். நிற்கிற வண்டியில் ஏறிக் குதித்தால் அது தாங்கும். ஓடுகிற வண்டி குதித்து இறங்கும்போது அதே நூறு கிலோ பல மடங்காக இழுக்கும். இது பட்டறை வைத்திருப்பவருக்குத் தெரியாதா?

அன்றைக்கே போன் செய்தேன். "அப்படியாண்ணே? போட்டோ அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டால், "உப்புக்காத்துண்ணே, இரும்பைத் தின்னுரும்" என்கிறார். ஒரே ராத்திரியிலா? மூன்றாவது தடவை அவர் மகன் எடுத்து, அப்பா ஏர்வாடி போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார் என்றான். பின்னால் கிரைண்டர் சத்தத்தோடு அவர் குரலும் கேட்டது.

இன்று காலை நேரிலேயே போனேன். நாற்காலியும் இல்லை, டீயும் இல்லை. "நீங்க வேகமாப் போயிருப்பீக, நான் என்ன செய்ய?" என்றார். பட்டியைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் சொன்னார்: "வேணும்னா கழட்டிப் போட்டுட்டுப் போங்க, கிலோ முப்பது ரூபான்னு பழைய இரும்புக்கு எடுத்துக்கிறேன்." 38,500 ரூபாய் வாங்கியவர் சொல்கிறார் இதை. முப்பத்து நாலு கிலோ இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்கு ஹேண்டில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க், ஹெட்லைட் மாற்ற 11,200 ரூபாய் தனியாக ஆகிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பெயிண்ட் அடிக்கும் முன் வெல்டிங்கைக் கண்ணால் பாருங்கள், போட்டோ எடுங்கள். போல்ட் சேசிஸில் விழுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். இந்தக் கரையில் பாக்ஸ் பைப்பின் வாயை மூடாமல் விட்டால் உள்ளே ஈரம் இறங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும், அதையும் அந்தப் படகுக்காரர்தான் சொன்னார். பின் விளக்கும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருப்பதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது, அதனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. என் கையில் இருக்கும் அத்தாட்சி 25,000 அனுப்பியதற்கு மட்டும்தான். ரொக்கமாகக் கொடுத்த 13,500-க்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

அப்பா இன்னும் தீர்த்தம் ஆடவில்லை. நாளைக் காலை மண்டபத்திலிருந்து பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்கிறார். அந்த முழங்காலோடு பஸ் படி ஏற வேண்டும். பட்டறைக்காரருக்கு இப்போது கூப்பிட்டுப் பார்த்தேன், என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.